அவையல் கிளவியும் பூப்பாறையும்: சொல்வடிகட்டிகளின் முன்வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை போடிமெட்டில் தமிழக எல்லையைக் கடந்து இடுக்கி மாவட்டத்துக்குள் சென்றபின், அச்சாலையில் எதிர்ப்படும் முக்கியமான கடைத்தெரு ஊர் பூப்பாறை ஆகும். போடிக்குத் தெற்கே, முல்லைப்பெரியாற்று நீரால் விளையும் பள்ளத்தாக்கின் பெரிய ஊர்களுள் ஒன்று கம்பம். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்களும், காய் வாங்கி விற்கும் வணிகர்களும் அன்றாடம் வழங்கும் இவ்விரு பெயர்களிலும் கூசத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் இவை ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டு, பழைய வீடியோ விளையாட்டுகளுக்குள் மறைத்து வைக்கப்பட்ட ஒருவகைச் சொற்பட்டியலின் முன் நிறுத்தப்படுமானால், இரண்டுமே தகாத சொற்கள் என்று தள்ளப்படும். ஆட்டக்காரர் தட்டச்சிடும் பெயரிலோ பேச்சிலோ வசைச்சொல்லும் இழிசொல்லும் இடம்பெறாதபடி தடுக்கும் அப்பட்டியலும், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலும் சேர்ந்ததே சொல்வடிகட்டி எனப்படுகிறது. அது கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பாகத் தோன்றினாலும், அதன் அடிப்படைச் சிக்கல்களைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்து, அவற்றுக்கு விடையும் சொல்லி வைத்திருக்கிறது.

கணினி விளையாட்டு மனிதரின் சொல்லை உள்வாங்கத் தொடங்கிய காலத்திலேயே இழிசொல்லை எதிர்கொள்ளும் தேவையும் எழுந்தது. வில் குரௌதர் உருவாக்கி, 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய ‘அட்வென்ச்சர்’ என்னும் குகை விளையாட்டு முழுவதும் எழுத்தால் ஆனது. ஆட்டக்காரர் கட்டளையைத் தட்டச்சிட, கணினி எழுத்திலேயே மறுமொழி தரும். அவ்விளையாட்டுக்குத் தெரிந்த சொற்களின் தொகுதியில் ஆங்கில வசைச்சொல் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அதை எழுதியவருக்கு நாவடக்கிப் பேசுமாறு எச்சரிக்கை வரும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அக்காலத்தை ஒட்டியே உருவான ‘ஸார்க்’ விளையாட்டும், இத்தகைய சொல்லை எழுதியவரை, உயர்ந்தோர் கூடும் இடத்தில் இப்படிப் பேசலாமா என்னும் பொருள்படக் கண்டித்தது. இவ்விரண்டும் சொல்லைத் தடுக்கவில்லை. கேட்டன, கேட்டதை உணர்த்தின, பேசியவரைத் திருத்த முயன்றன. இடத்தை நினைவூட்டிக் கண்டித்த அந்த மறுமொழி, அவை என்னும் கருத்தை ஒட்டி அமைந்தது என்பது பின்னர்த் தெளிவாகும்.

காசு போட்டு ஆடும் கடைப்பொறிகளில் நிலைமை வேறாயிற்று. 1979இல் வெளிவந்த ‘ஆஸ்டெராய்ட்ஸ்’ முதலிய பொறிகளில், மிகுதியான புள்ளி பெற்றவர் தம் பெயரின் 3 எழுத்துகளைத் திரையில் பதித்துச் செல்லும் வழக்கம் பரவியது. 26 எழுத்துகளை 3 இடங்களில் அமைத்தால் 17,576 கோவைகள் கிடைக்கும், அவற்றுள் சில தகாத சொற்களாகவும் இருக்கும். முன்பின் அறியாத பலர் வந்துபோகும் கடையில் அச்சொல் அடுத்த ஆட்டக்காரரின் கண்ணில் படும் என்பதால், சில பொறிகளில் குறிப்பிட்ட கோவைகளை ஏற்காமலோ வேறு எழுத்தாக மாற்றியோ காட்டும் சிறு நிரல்கள் சேர்க்கப்பட்டன. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டிகள் வந்தபோது, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்வதற்கான மறைச்சொல்லைப் பொறியே எழுத்துகளைக் கோத்து உருவாக்கியது. அக்கோவை தற்செயலாக இழிசொல்லாகிவிடாதிருக்க, உயிரெழுத்துகளையே நீக்கிவிடும் முறையும் கையாளப்பட்டது. உயிர் இல்லாமல் மெய் மட்டும் நின்று சொல்லாவது அரிது என்பதால், இம்முறை பட்டியல் இன்றியே பட்டியலின் வேலையைச் செய்தது.

இவ்வடிகட்டிகள் மறைந்திருந்ததற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். பழைய விளையாட்டுப் பேழைகளில் ஆங்கில எழுத்துகள் கணினி உலகின் பொதுக் குறியீட்டின்படி பெரும்பாலும் சேமிக்கப்படவில்லை. திரையில் வரையப்படும் சிறு சதுரப் படங்களின் வரிசை எண்களாகவே அவை சேமிக்கப்பட்டன, அவ்வெண் வரிசையும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறியது. ஆகவே பேழையின் உள்ளடக்கத்தைப் படியெடுத்துத் தேடுபவருக்கு அந்தச் சொற்பட்டியல் எளிதில் அகப்படாது. எந்த எண் எந்த எழுத்து என்னும் அட்டவணையை முதலில் உய்த்தறிந்த பின்னரே பட்டியலைப் படிக்க முடியும். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இழிசொல்லை விலக்குவதற்கு இழிசொல்லை எழுதி வைத்தே ஆகவேண்டும். சிறுவருக்கான ஒரு பேழைக்குள் மிக மோசமான சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை எந்த நிறுவனமும் வெளியே தெரியவிட விரும்பாது.

பட்டியலைக் கொண்டு ஒப்பிடும் முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. எழுதப்பட்ட பெயரின் எந்தப் பகுதியிலாவது பட்டியலில் உள்ள எழுத்துத்தொடர் தென்பட்டால் அப்பெயர் முழுவதையும் தள்ளுவதே எளிய நிரலின் வழி. தனிச்சொல் எது, பிறிதொரு சொல்லின் உறுப்பு எது என்று அது அறியாது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள், தங்கள் ஊர்ப்பெயருக்குள் ஒரு தகாத எழுத்துத்தொடர் மறைந்திருந்த காரணத்தால், அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் இணையச் சேவையில் பதிவு செய்ய இயலாமல் போயிற்று. அன்றுமுதல் இக்குறைக்கு அவ்வூரின் பெயரே வழங்கிவருகிறது. 2010இல் ஜப்பானிலும் மறு ஆண்டு பிற நாடுகளிலும் வெளிவந்த ‘போகிமான் பிளாக்’, ‘போகிமான் வைட்’ விளையாட்டுகளில் இக்குறை தன் உச்சத்தைக் கண்டது. அவற்றில் வரும் கோஃபாக்ரிகஸ் என்னும் உயிரியின் ஆங்கிலப் பெயரில், தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லின் எழுத்துகள் அடுத்தடுத்து நின்றதால், வேறு செல்லப்பெயர் சூட்டினாலன்றி அதை இணையவழிப் பரிமாற்றத்துக்கு அனுப்ப முடியவில்லை. படைத்தவரே இட்ட பெயரைப் படைத்தவரின் வடிகட்டியே தள்ளியது.

ஏலமலைச் சரிவின் ஊர்ப்பெயர்கள் இக்குறைக்கு உள்ளாவது ஆங்கில எழுத்துமுறையின் வரலாற்றோடு தொடர்புடையது. தொடக்ககால ஆங்கில அலுவலர்கள் இந்தியப் பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். குறில் அகரத்துக்குத் தம் மொழி வழக்கப்படி ‘யு’ என்னும் எழுத்தையும், நெடில் ஊகாரத்துக்கு இரண்டு ‘ஓ’ எழுத்துகளையும் இட்டனர். இதைச் சீர்படுத்தி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என வகுத்த ஹண்டர் எழுத்துமுறையை 1870களில் அரசு ஏற்றபோதிலும், முன்பே வேரூன்றிய எழுத்துகள் பல மாறவில்லை. கம்பம் என்னும் பெயர் ‘சி, யு, எம், பி, யு, எம்’ என்று இன்றும் எழுதப்படுகிறது. அதன் முதல் 3 எழுத்துகள் ஆங்கிலக் கொச்சையில் ஆணின் உயிர்நீரையும், அடுத்த 3 எழுத்துகள் பிட்டத்தையும் குறிப்பவை. இவ்விரு சொற்களைக் கொண்ட எந்தப் பழைய பட்டியலும் கம்பத்தை முன்பாதிக்காக ஒருமுறையும் பின்பாதிக்காக ஒருமுறையும் தள்ளும். பூப்பாறையின் நிலையும் அதுவே: பூ என்பது இரட்டை ‘ஓ’ கொண்டு எழுதப்பட, பாறையின் முதல் எழுத்தான ‘பி’ அதனோடு ஒட்டி, மழலை ஆங்கிலத்தில் மலத்தைக் குறிக்கும் சொல் அங்கே உருவாகிறது. அப்பொருள் பூவிலும் இல்லை, பாறையிலும் இல்லை. இரண்டும் சேரும் மூட்டில், அதுவும் வேற்றுமொழி எழுத்தில் மட்டுமே, அது தோன்றுகிறது.

ஊர்ப்பெயர்களோடு இது நிற்பதில்லை. ஹர்ஷிதா, ரக்ஷிதா என்று தமிழகத்தில் இன்று பெருவழக்காகிவிட்ட பெண்பெயர்களிலும், 1775 முதல் 1835 வரை வாழ்ந்த இசைப்பெரியார் முத்துசுவாமி தீட்சிதரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமான முறையிலும், ஆங்கிலத்தில் மலத்தைக் குறிக்கும் வசைச்சொல்லின் 4 எழுத்துகளும் வரிசை மாறாமல் அமைந்துள்ளன. நறுமணப் பொருள் வணிகரின் சரக்குப் பட்டியலில் ஏலத்துக்கு அருகிலேயே இடம்பெறும் சீரகத்தின் ஆங்கிலப் பெயரோ கம்பத்தின் முதல் 3 எழுத்துகளைக் கொண்டே தொடங்குகிறது. தன் சொந்தப் பெயரைத் தட்டச்சிட்ட ஒரு குழந்தைக்கு, அப்பெயர் தகாதது என்று பொறி சொல்லுமானால், பெற்றோர் ஆசையோடு இட்ட பெயரின் மேல் ஒரு பழி ஏறுகிறது. அக்குழந்தைக்கு அதன் காரணம் விளங்குவதுமில்லை. அதே பொறி, ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் வசைச்சொற்களைப் பட்டியலில் கொண்டிராததால், அவற்றை எவ்விதத் தடையுமின்றி உள்ளே விட்டது. நிரபராதியைத் தடுத்துக் குற்றவாளியை விட்ட இந்த நிலைக்குக் காரணம், பட்டியலை எழுதியவர்களின் அவையில் தமிழ் பேசுவோர் இல்லாமையே ஆகும்.

அவை என்னும் இச்சொல் தமிழ் இலக்கணத்திலிருந்து வருவது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலாகிய எச்சவியல், ‘அவையல் கிளவி’ என்னும் ஒரு வகையைக் கூறி, அதை மறைத்துச் சொல்லவேண்டும் என்று விதிக்கிறது. கிளவி என்பது சொல். அவையல் கிளவி என்பது அவைக்கு உரியதல்லாத சொல். இழிசொல், கெட்டசொல் என்று சொல்லின்மேல் குற்றம் சுமத்தாமல், அது சொல்லப்படும் கூட்டத்தோடு பொருத்திப் பெயரிட்டிருப்பது கருதத்தக்கது: ஒரு சொல் வீட்டில் தாய்க்கும் சேய்க்கும் இடையே குற்றமற்றதாகவும், பலர் கூடிய இடத்தில் விலக்கத்தக்கதாகவும் இருக்கலாம். மலசலம் கழிப்பதைக் கால்மேல் நீர் பெய்து வருவதாகக் கூறும் வழக்கை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டினர். இவ்வாறு மறைத்துக் கூறும் முறைக்குப் பிற்காலத்தில் இடக்கரடக்கல் என்னும் பெயர் நிலைத்தது. இடக்கர் என்பது வெளிப்படையாகக் கூறத்தகாத சொல்.

அவ்விதியை அடுத்து நிற்கும் இரண்டாவது விதியே வடிகட்டிகளின் வரலாற்றுக்கு மிகவும் இன்றியமையாதது. மறைக்கும் இடத்திலும், நெடுங்காலம் வழங்கி மருவி நிலைபெற்ற சொற்களை விலக்கவேண்டுவதில்லை என்று அது கூறுகிறது. உரையாசிரியர்கள் இதற்கு ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை ஆகியவற்றைக் காட்டினர். இவற்றுள் ஆப்பி என்பது பசுவைக் குறிக்கும் ஆ என்னும் சொல்லோடு, மலத்தைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல் சேர்ந்து, அச்சொல்லின் நெடில் குறுகி அமைந்தது. அதாவது, அவையில் தனித்துச் சொல்லத்தகாத ஓர் எழுத்துத்தொடர் வேறொரு சொல்லின் உறுப்பாக நின்று, அம்முழுச்சொல் ஊர்வழக்கில் கூச்சமின்றி வழங்குமானால், உறுப்பைக் காட்டி முழுமையைத் தண்டிக்கலாகாது. ஸ்கன்தார்ப் மக்கள் 1996இல் வேண்டிநின்றதும் கம்பத்துக்கும் பூப்பாறைக்கும் உரியதும் இந்த விலக்கேயாகும். வடிகட்டி எழுதியவர்கள் முதல் விதியை மட்டும் தாமாகக் கண்டுபிடித்து, இரண்டாவதைக் காணாமல் விட்டனர்.

இழிசொல்லை விலக்க இழிசொல்லை எழுதவேண்டியிருக்கும் இக்கட்டும் தொல்காப்பியத்தில் தீர்வு பெற்றிருக்கிறது. ஆப்பி என்னும் புணர்ச்சியை எழுத்ததிகாரம் விளக்கவேண்டியபோது, பின்னால் வரும் சொல்லை அந்நூல் நேரே எழுதாமல், ஈகாரம் ஏறிய பகரம் என்று எழுத்துகளைச் சுட்டிச் செல்கிறது. எழுத்துகளை எண்களாக்கிப் பேழைக்குள் புதைத்த நிரலாளரின் செயலுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. வேறுபாடு, இலக்கண ஆசிரியர் மறைத்ததைக் கற்போர் எவரும் உடனே விளங்கிக்கொள்ளும்படி மறைத்தார் என்பதாகும். மூட்டில் தோன்றும் இழிபொருளை வடமொழி அணிநூலாரும் கவனித்தனர்: 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் மம்மடர் இயற்றிய காவியப் பிரகாசம், நாணம், அருவருப்பு, அமங்கலம் ஆகிய மூன்றையும் தோற்றுவிக்கும் சொற்களைக் குற்றமுடையன என வகுத்ததோடு, தூய சொற்கள் இரண்டு புணரும் இடத்தில் தகாத சொல் பிறப்பதையும் தனிக்குற்றமாகச் சேர்த்தது. பூப்பாறைக்கு ஆங்கில எழுத்தில் நேர்வது இக்குற்றமே. ஆனால் மம்மடர் அதைக் கேட்போரின் மொழியில் வைத்தே அளந்தார், கேட்போர் அறியாத வேற்றுமொழியில் வைத்து அளக்கவில்லை.

13ஆம் நூற்றாண்டின் நன்னூல், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றையும் தகுதி வழக்கு என்னும் ஒரே தலைப்பில் சேர்த்தது. தகுதி வழக்கு என்பது, உரிய சொல் இருக்கவும், இடத்தின் தகுதி நோக்கி வேறு சொல்லால் கூறுவது. மங்கலம் என்பது தீமையைச் சுட்டும் சொல்லை நன்மைச் சொல்லால் மாற்றுவது: இறந்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு எடுத்துக்காட்டுகள். போடியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையில் கோயில் கொண்டுள்ள கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி நேர்த்திக்கடன் செலுத்தப் பெருங்கூட்டம் திரள்கிறது. அம்மன் வழிபாடு வேரூன்றிய இத்தகைய ஊர்களில், உடலில் கொப்புளம் எழும் நோயை நோய் என்னாமல் அம்மை என்றும், கொப்புளத்தை முத்து என்றும் சொல்லும் வழக்கில் மங்கலம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கே சொல்லை மாற்றுவது அச்சத்தாலும் பக்தியாலும் நிகழ்கிறது. அதை விதிப்பது எந்தப் பட்டியலும் அன்று, நோயுற்ற வீட்டாரின் மனநிலையை அறிந்த ஊராரின் பண்பே.

விலக்கப்பட்டவற்றைப் பட்டியலிடுவதற்கு மாறாக, அனுமதிக்கப்பட்டவற்றை மட்டும் பட்டியலிடும் முறையும் இரு மரபுகளிலும் உண்டு. ஒரு நூலின் முதற்செய்யுளின் முதற்சீர் எவ்வாறு அமையவேண்டும் என வகுத்த பாட்டியல் நூல்கள், பத்துப் பொருத்தங்களுள் ஒன்றான மங்கலப் பொருத்தத்துக்குத் திரு, சீர், பூ, பொன், மணி, மலை, கடல், உலகம் முதலிய சொற்களை எண்ணி வைத்தன. எழுத்துகளையும் அமுத எழுத்து, நச்செழுத்து எனப் பிரித்து, நச்செழுத்தால் தொடங்குவதை விலக்கின. 2003இல் டிஸ்னி நிறுவனம் சிறுவர்க்காக வெளியிட்ட ‘டூன்டவுன்’ என்னும் இணைய விளையாட்டு, முன்பே எழுதி வைக்கப்பட்ட வாக்கியங்களுள் ஒன்றைத் தேர்ந்து பேசும் முறையை அமைத்து, கட்டற்ற பேச்சைப் பெரும்பாலும் விலக்கியது. போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்திலும் இதை ஒத்த மாற்றம் வேறொரு காரணத்தால் நிகழ்ந்தது: வாய்விட்டு விலை கேட்ட ஏலமுறைக்கு மாற்றாக, நறுமணப் பொருள்கள் வாரியம் 2007இல் மின்னணு ஏலத்தை அங்கே அறிமுகப்படுத்தியபின், வாங்குவோரின் குரல் இருந்த இடத்தை விசைப்பலகையில் பதியும் விலையெண் பெற்றது. சொல்லத்தக்கது முன்பே வரையறுக்கப்பட்ட அவையில் தகாத சொல்லுக்கு வழியில்லை; ஆனால் எதிர்பாராத நல்ல சொல்லுக்கும் அங்கே வழியில்லை.

மூன்றாவதாகிய குழூஉக்குறி, ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றும் கூறுவதை இலக்கண நூல்கள் காட்டுகின்றன. வடிகட்டி வந்தபின் ஆட்டக்காரர்கள் கையாண்ட வழியும் இதுவே: எழுத்துக்குப் பதிலாக அதன் உருவை ஒத்த எண்ணை இட்டனர், எழுத்துகளுக்கு இடையே புள்ளி வைத்தனர், தமக்குள் மட்டும் விளங்கும் புதுச்சொற்களைப் படைத்தனர். நன்னூல் இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் ஒரே இனமாக வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. பிறரை நோகவிடாமல் இருக்க மறைப்பதும், பிறருக்குத் தெரியாமல் இருக்க மறைப்பதும் ஒரே கருவியின் இரு பயன்கள். முன்னதைப் பேசுவோரின் விருப்பத்திலிருந்து பிரித்துப் பொறியின் கட்டாயமாக்கியதும் பின்னது பெருகியது.

தமிழ் எழுத்து கணினிக்குள் வந்தபின் சிக்கல் புதிய உருவம் கொண்டது. தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டைப் பின்பற்றிய காலத்தில், ஒரே தமிழ்ச்சொல் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு எண்வரிசையாகச் சேமிக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தாப், தாம் குறியீடுகளும், 2010இல் ஏற்ற ஒருங்குறியும் அக்குழப்பத்தைப் படிப்படியாக நீக்கின. ஒருங்குறியிலும் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே எண்ணாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றைப் பொறி இரு வேறு சொற்களாகக் கொள்ளும். இதனோடு, வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி ஒரு வேர்ச்சொல் நூற்றுக்கணக்கான வடிவம் பெறுவதும், புணர்ச்சியில் எழுத்து தோன்றித் திரிந்து கெடுவதும் தமிழின் இயல்பு. ஆங்கிலத்துக்கென அமைந்த பட்டியல்முறையைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்து வைத்தால், தடுக்கவேண்டியது தப்பும், ஆப்பி போன்றது அகப்படும்.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு இணங்க மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ஓர் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படவேண்டும் என்பது அவ்வூராரின் ஒலிப்பையும் வழக்கத்தையும் கொண்டு முடிவாகவேண்டியது. கம்பத்தைத் தமிழ் ஒலிக்கு இணங்க எழுதுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் ஒரு பொறியின் பட்டியலுக்கு அஞ்சி எழுதுவது அவற்றுள் ஒன்றாகாது. மாறவேண்டியது பட்டியலே. பட்டியல் எழுதுவோர் மறைக்கவேண்டிய சொற்களை எவ்வளவு கவனத்தோடு திரட்டுகிறார்களோ, அவ்வளவு கவனத்தோடு மறைக்கக்கூடாதவற்றையும் திரட்டவேண்டும். அத்திரட்டை அந்தந்த நிலத்தில் வாழ்வோரைக் கேட்டன்றி எழுத முடியாது. தொல்காப்பியம் இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்ததன் கருத்து அதுவே: மறைக்கக் கற்பித்த கையோடு, வழக்கில் ஊன்றியதை விட்டுவிடவும் அது கற்பித்தது. போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து இறங்கும் ஜீப்பின் ஓட்டுநர் பூப்பாறை என்று சொல்லும்போது, ஏறியிருப்போர் எவர் மனத்திலும் பூவும் பாறையும் அந்த ஊரும் தவிர வேறொன்றும் எழுவதில்லை. அந்த அவையின் சான்றே அப்பெயருக்குப் போதுமானது.